முப்பத்தோராவது அழைப்பு

இல்லை, அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா இறந்துவிட்டாள். இன்று காலை, சிதம்பரத்தில். கிட்னி... ஒரு வருஷமாக டயாலிசிஸாம். அவள் தம்பி ஜான்சன் போட்ட பதிவைப் பார்த்துத்தான் தெரியும்.

இரண்டு வருஷம் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒன்றாக என்றால், நான் கடலூர் ஆபீஸில், அவள் சிதம்பரம் ஆபீஸில். நேரில் பார்த்தது நாலைந்து முறை. மற்றதெல்லாம் போனில்.

2004, 2005. டயல்-அப் காலம். வீட்டு மோடம் போன் லைன் வழியாக எங்கள் சர்வரைக் கூப்பிடும், கீச்சென்று கத்தும், கனெக்ட் ஆகும். அந்தக் கத்தலை வைத்தே ஸ்டெல்லா ஊரைச் சொல்லிவிடுவாள்.

"கேளு வசு, இது புவனகிரி லைன். ஜலதோஷம் புடிச்சிருக்கு." ரிசீவரை மோடத்துக்குப் பக்கத்தில் பிடிப்பாள். எனக்கு எல்லாம் ஒரே கீச்சுதான்.

சிதம்பரத்தில் முப்பது லைன் இருந்தது. இன்னொரு முப்பது சேர்த்தார்கள்.

கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். சிதம்பரம் சர்வரில் முகவரிகளைக் கூட்டுவது அவள் வேலை. கடலூர் ரௌட்டரில் சப்நெட் மாஸ்க் என்ற எண்ணை மாற்றி, புது முகவரிகளுக்கும் வழி காட்டுவது என் வேலை. முப்பது முகவரிக்கான 224 என்ற எண்ணை, அறுபதுக்கான 192 ஆக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆக்கினேன். சோதித்தோம். ஓடியது. இருவரும் போனிலேயே கைதட்டிக்கொண்டோம்.

ஆனால் நான் சேவ் செய்யவில்லை. சேவ் செய்யாத மாற்றம், ரௌட்டர் ஒருமுறை அணைந்தால் போய்விடும். அந்த வாரமே கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. ரௌட்டர் திரும்ப எழுந்தபோது பழைய 224. யாருக்கும் தெரியவில்லை, ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் கூப்பிடாத வரைக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று கூப்பிட்டார்கள்.

முதல் முப்பது பேருக்குப் பிரச்சினை இல்லை. முப்பத்தோராவது ஆளிலிருந்துதான் சிக்கல்: கனெக்ட் ஆகும், பாஸ்வேர்டு வாங்கிக்கொள்ளும்... பக்கம் திறக்காது.

"பிரவுசிங் சென்டர்காரர் ஒருத்தர் மோடத்தைக் கையோட புடுங்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டார் டீ," என்றாள். சிரித்தாள். அப்போது இன்னும் சிரிக்க முடிந்தது.

பிறகு, "இங்கேர்ந்து போவுது வசு. பதில் திரும்பி வரல. உன் பக்கம் ரூட்டு இருக்கா பாரு."

பார்த்தேன். 224.

என் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"இருக்கு," என்றேன்.

"அன்னிக்கு சேவ் பண்ணியா?"

"பண்ணேன்."

மேனேஜர் குனிந்து ஸ்பீக்கரில் கத்தினார். "ஏம்மா, நீங்க சர்வர நோண்டுனதுக்கு அப்புறந்தானே இந்தக் கூத்து? அவுங்க மேல ஏன் திருப்பி வுடுறீங்க?"

அந்தப் பக்கம் மோடங்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

இன்னொரு போன் வந்து மேனேஜர் வெளியே போனார். 192 என்று அடித்தேன். சேவ் செய்தேன். இரண்டு முறை.

"ஏய் வந்துடுச்சு!" என்றாள் ஸ்டெல்லா. "இப்பதான் சர்வர ரீபூட் பண்ணேன். அப்போ என் பக்கந்தான் போலருக்கு..."

போனை வைத்தேன்.

அதையே அவள் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு. மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சிதம்பரம் சர்வரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகு அவள் எந்த நெட்வொர்க் வேலைக்கும் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்துச் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். கவுன்டருக்கு உள்ளே நின்றாள். "எளச்சிட்டடீ" என்றாள், டீ வாங்கித் தந்தாள்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டாள். "அந்த முப்பத்தோராவது கால்... ஏன் பதில் வரல? நான் அட்ரஸெல்லாம் சரியாத்தான் போட்டேன். எத்தன தடவ பேப்பர்ல போட்டுப் பாத்துட்டேன். எங்கடீ தப்பு பண்ணேன்?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அல்லது, தெரிந்து கேட்டாளா... இனி கேட்க முடியாது.

"அத இன்னுமா நெனச்சிட்டிருக்க? வுடுடீ," என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். ஆகவில்லை.

ஸ்டெல்லா, நீ தப்பு எதுவும் பண்ணவில்லை. 224 ஆக இருந்தது. என் பக்கம். நான் பார்த்தேன்.

போய் வாடீ.

ஜான்சனுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "நாலு மணிக்கு அடக்கம்கா," என்றான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன். சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.