பிரிண்டரில் தானாக வந்த தாள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். கண்டியிலிருந்து மாத்தளை போகும் வழியில் அலவத்துகொடையில்தான் எங்கள் வீடு. கணவர் கடைக்குப் போய்விட்டார். மாமி பின்னறையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

அந்த அறையில் யாருமே இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு தாள் வெளியே வந்து கிடந்தது. எளிய ஆங்கிலத்தில் ஆறேழு வரிகள். உங்கள் கம்ப்யூட்டர் இணையத்தில் திறந்து கிடக்கிறது, உங்கள் கோப்புகளின் பெயர்கள் எனக்குத் தெரிகின்றன, நான் எதையும் எடுக்கவில்லை, எனக்கு முன்னால் வேறு யாராவது வந்திருக்கலாம், தயவுசெய்து ஃபயர்வாலைச் சரிபாருங்கள் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை, நம்பர் இல்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

வாசித்ததும் கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம், என்னிடம் பத்திரம் தந்திருந்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. தாளோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசி என்று சிங்களத்திலும் தமிழிலும் வருகிற பத்திரங்களை மாற்றி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பதுதான் தொழில். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கினேன், அப்படியே நிலைத்துவிட்டது. மற்றவர்களின் வீட்டு ரகசியமெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கும்.

நான் சொன்ன பெண் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. அடிதடிக்காரனான கணவனை விட்டு, ஒரு பெண் பிள்ளையோடு வேறு ஊரில் போய் இருந்தாள். வழக்குக்காக அவள் கொடுத்த சத்தியக் கடதாசியை நான்தான் மொழிபெயர்த்தேன். அதில் அவளுடைய புது விலாசம் இருந்தது, பிள்ளையின் புதுப் பள்ளிக்கூடமும் இருந்தது. பத்திரத்தை என்னிடம் தரும்போது, இந்த விலாசம் அவருக்குத் தெரிந்தால் எங்களை உயிரோடு விடமாட்டார் மேடம் என்று சொன்னாள். இந்த வீட்டை விட்டு ஒன்றும் வெளியே போகாது, பயப்பட வேண்டாம் என்று நான் பெரிதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கதவைத் திறந்து வைத்தது நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்தாறு மாதத்துக்கு முன் புது பிரிண்டர் வாங்கியபோது, கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு, வெளியாட்கள் உள்ளே வராமல் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்தினேன். உடனே வேலை செய்தது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதுதான், அந்தப் பிறகு வரவே இல்லை. அது போதாதென்று, கண்டி நீதிமன்றத்துக்குப் போகும் நாட்களில் போனிலிருந்தே வீட்டுக் கோப்புகளை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து ரவுட்டரில் வழி திறந்துவிட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சம்மதம் என்று அழுத்தினேன். யார் உதவியும் இல்லாமல் நானே செய்துவிட்டேன் என்று இரவுச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். யாராவது உள்ளே வந்து பார்த்தார்களா என்று கேட்டேன். அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான், இரண்டு மாதத்துக்கு முன் தன் தந்தையின் பழைய பத்திரமொன்றை மொழிபெயர்க்க வந்த ஒரு ஆசிரியை நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கண்டியில் ஒரு கல்வி நிறுவனத்தில் கணினி வலையமைப்பு படிப்பிக்கிறவர். ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். எந்த உரிமையில் கூப்பிடுவது என்று தயங்கினேன். ஆனால் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. போனை எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அக்கா, ரவுட்டர் வயரை மட்டும் கழட்டிவிடுங்கோ. கம்ப்யூட்டரை நிப்பாட்ட வேண்டாம், ஒண்டையும் அழிக்கவும் வேண்டாம். எனக்குப் பதினொரு மணியோட வகுப்பு முடியுது. நான் வாறன்."

அன்று வழியில் அக்குறணையில் வீதியில் தண்ணீர் ஏறியிருந்தது. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலேயே ஊர்ந்து ஊர்ந்துதான் வந்ததாம். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து வந்து நின்றார். மாமி சோறு போட எழுந்தார். வந்தவர் வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லி, ஒரு பிளேன்டீ மட்டும் வாங்கிக் குடித்தார்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. இந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இன்று ஒரு நாள் மட்டும் வெளியிலிருந்து பரிசோதிக்க உங்களுக்கு நான் அனுமதி தருகிறேன் என்று ஒரு கடதாசியில் எழுதி, கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்ப்பதே தவறாம். நான் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அந்தப் பதற்றத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கம்ப்யூட்டரில் வைரஸைத் தடுக்கும் மென்பொருள் பச்சை அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டி, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். எங்கள் வைஃபையில் சேராமல், தன் போனிலிருந்த இணைப்பில் தன் மடிக்கணினியைச் சேர்த்தார்.

"வீட்டுக்குள்ள இருந்து பாத்தா கதவு பூட்டியிருக்கோ எண்டு தெரியாது அக்கா. றோட்டில நிண்டு தள்ளிப் பாக்கோணும். நான் இப்ப றோட்டில நிக்கிற ஆள். பேர்களை மட்டும்தான் பாப்பன், ஒண்டையும் திறக்க மாட்டன்."

ரவுட்டர் வயரை மீண்டும் செருகினேன். அவருடைய திரையில் வரி வரியாக ஏதோ ஓடியது. உள்ளே வருவதற்கு எத்தனை வாசல் உண்டோ, அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறதாம். மூன்று இடத்தில் திறந்திருக்கிறது என்று வந்தது. பிறகு ஒரு பட்டியல் விரிந்தது. குனிந்து பார்த்தேன். என் கோப்புறைகள். ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரைத்தான் வைத்திருந்தேன். எட்டாவது வரியில் அந்தப் பெண்ணின் முழுப் பெயர். கடவுச்சொல் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கண்டியிலிருந்து வந்த ஒருவரின் திரையில் அது அவ்வளவு எளிதாகத் தெரிந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் இப்படித்தான் தெரிந்திருக்கும். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுது முடியும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு என் கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வைத்தார். ரவுட்டரில் நான் திறந்த வழிகளை மூடினேன். கோப்புப் பகிர்வை நிறுத்தினேன். ஃபயர்வாலைப் போட்டேன். அதுவும் பச்சையாக மாறியது. அப்பாடா என்று எழுந்தேன்.

"இருங்கோ, இன்னும் தள்ளிப் பாக்கேல்ல" என்றார்.

மறுபடி பரிசோதித்தபோது ஒரு வாசல் இன்னும் திறந்தே இருந்தது. போனிலிருந்து கோப்பு எடுப்பதற்கென்று நான் போட்டிருந்த மென்பொருள், தனக்கென்று நிரந்தர அனுமதி வாங்கி வைத்திருந்ததோடு, ரவுட்டரிலும் தானாகவே ஒரு வழி எடுத்திருந்தது. ஃபயர்வால் விழித்துக்கொண்டு இருந்தாலும், நான் முன்பே விடச் சொன்ன ஆளை அது தடுக்காதாம். பச்சை நிறத்தை நம்பி எழுந்திருந்தால் அந்த வழி இன்றும் திறந்துதான் கிடந்திருக்கும். அதையும் எடுத்துவிட்டு மூன்றாம் முறை பார்த்தோம். எந்த வாசலும் பதில் சொல்லவில்லை. இப்போது இங்கே ஒரு வீடு இருப்பதே வெளியே தெரியாது என்று சொல்லி, மீண்டும் சிரித்தார்.

நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். யாராவது அந்தக் கோப்பை எடுத்திருப்பார்களா? அரை மணி நேரம் எதையெதையோ திறந்து தேடிப் பார்த்தார். வந்து போனவர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடே அதில் இருக்கவில்லையாம்.

"ஒருத்தரும் எடுக்கேல்ல எண்டு சொல்லி உங்களைச் சந்தோசப்படுத்த எனக்கு விருப்பம்தான் அக்கா. ஆனா எனக்குத் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல ஏலாது. அந்தப் பொம்பிளைக்கு நீங்கள் சொல்லத்தான் வேணும்."

அவர் சொன்னதிலேயே எனக்குக் கடினமாக இருந்தது அதுதான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கதவை மூடியாயிற்று. வீணாக ஏன் அந்தப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டும் என்று மனம் நூறு நியாயம் சொன்னது. அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு, போனை எடுத்தேன்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் பிழை என்பதையும் சொன்னேன். அவள் கேட்டாள்: "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காதுல்ல, மேடம்?"

தெரிந்திருக்காது என்று ஒப்புக்கொண்டேன்.

"சரி மேடம். நாங்க கொஞ்ச நாளைக்கு நாவலப்பிட்டில அக்கா வீட்டுக்கு போறோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அந்தக் கோப்புறைகளில் பெயர் இருந்த மற்ற எல்லோரையும் அந்த வாரத்திலேயே கூப்பிட்டேன். சிலர் ஏசினார்கள். எனக்கு வழக்குப் பத்திரங்கள் தரும் ஒரு சட்டத்தரணி இனிமேல் தன் வேலைகளை அனுப்பப் போவதில்லை என்றார். ஒரு வயதானவர் மட்டும், திருடன் வந்தால் வரட்டும், என் பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தீர்களா என்று கேட்டார்.

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். தெரியாத நம்பரில் போன் வந்தால், அவளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நினைத்துத்தான் எடுப்பேன். ஒவ்வொரு தொழுகையிலும் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் துஆ கேட்டேன். யாழ்ப்பாணத்துத் தோழி இடையிடையே கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார். இன்னொரு முறை அவருடைய மடிக்கணினியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைப் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டேன். அனுமதிக் கடதாசி ஒரு நாளைக்குத்தான் என்று மறுத்துவிட்டார். ஆனால் நானே எப்படி வெளியிலிருந்து பார்ப்பது என்று போனிலேயே பொறுமையாகச் சொல்லித் தந்தார். இப்போது மாதத்துக்கொரு தடவை பார்க்கிறேன். புதிதாக எந்த மென்பொருள் போட்டாலும் அன்றே பார்க்கிறேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கேட்டில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பெண், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன நடந்துவிட்டதோ என்று ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. கணவன் அவர்களைத் தேடி எங்கும் வரவில்லை. நீதிமன்றமும் பாதுகாப்பு உத்தரவு கொடுத்துவிட்டது. பிள்ளைக்கு நாவலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடம் பிடித்துப்போய்விட்டதால் அங்கேயே சேர்க்கப் போகிறார்களாம். அதற்கான பத்திரம் ஒன்றை மொழிபெயர்க்கக் கொண்டுவந்திருந்தாள்.

கண்டியில் எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கும்போது, இவ்வளவு நடந்த பிறகும் ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்டே விட்டேன்.

"மத்தவங்ககிட்ட கொடுத்தா, தப்பு நடந்துச்சுன்னா எனக்கு சொல்வாங்களான்னு தெரியாது. நீங்க சொல்வீங்கன்னு தெரியும்" என்றாள்.

நான் பத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வாசிக்க முடிந்தது. பிள்ளை மாமியோடு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊரும் பேரும் சொல்லாமல் எச்சரித்துவிட்டுப் போன அந்த மனிதர் யாரென்று இன்றுவரை தெரியாது. வெள்ளத்தில் நடந்து வந்து, எனக்கு ஆறுதலான பொய்யைச் சொல்ல மறுத்த தோழிக்கு என்ன செய்து ஈடுகட்டுவது என்றும் தெரியாது. ஆனால், பிழையே செய்யாதவரை விட, செய்த பிழையை மறைக்காதவரை நம்பலாம் என்று முடிவெடுத்து, தன் பிள்ளையின் விலாசத்தை இரண்டாம் முறையும் என் கையில் தந்த அந்தப் பெண்ணின் நம்பிக்கைக்குத் தகுதியானவளாக நடப்பதுதான், அன்றிலிருந்து என் ஒவ்வொரு நாள் வேலையும்.