கல்யாணம் கட்டிய கேப்டன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கிரிக்கெட் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. கழுத்தில் தாலி ஏறிய அன்றோடு மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. மீறிப் பார்த்தவளும் இல்லை. நான் மட்டும் என்ன, கொம்பு முளைத்தவளா? பத்தொன்பது வயதில் இந்தத் தோட்டத்திலேயே வேகமாகப் பந்து போட்டவள் நான்தான். இருபதில் கல்யாணம். அப்புறம் ஏழு வருஷம் பந்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குமரிப் பிள்ளைகள் விளையாடுவதை எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? ஒருத்திக்கும் விளையாடத் தெரியவில்லை. கொஞ்சம் தெரிய வரும் நேரத்தில் மாப்பிள்ளை வந்து நின்றுவிடுவான். அவள் போய்விடுவாள், இன்னொரு புதுப் பிள்ளை வருவாள், மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களும் கிராமங்களும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை மென்பந்துப் போட்டி வைப்பார்கள். நாங்கள் போவோம், முதல் ஆட்டத்திலேயே தோற்போம், கொடுக்கிற சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவோம். "சோத்து டீம் வருது" என்று மற்றத் தோட்டத்துக்காரிகள் எங்கள் முகத்துக்கு நேராகவே சிரிப்பார்கள். நாலு வருஷமாக ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

என் சின்ன மகளைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக மைதானத்துக்குப் போனேன். அன்று பதினொரு பேருக்கு ஒருத்தி குறைவு. அதனால் யாரும் போ என்று சொல்லவில்லை. முதல் பந்து எங்கேயோ போனது. மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது. அன்றிரவு தோள் வலியில் தூக்கம் வரவில்லை, ஆனாலும் அவ்வளவு சந்தோஷம். மாமியாரிடம் திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் எண்ணெய்க் குப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, "தேய்ச்சுக்க. நாளைக்குக் கொழுந்து எடுக்கணும்ல" என்றார். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றும் என் வீட்டுக்காரர் கிழமைக்கு ஒரு முறை வருபவர். "பல்லு கில்லு ஒடையாம பாத்துக்க" என்பதோடு அவரும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதமே எங்கள் கேப்டனுக்குக் கல்யாணம். வழக்கப்படி அவள் போய்விட்டாள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது, வெறியோடு வேண்டும் என்று இருந்தது. நான் கேப்டனானால் என்னைப் போல அடுப்படிக்குப் போன நாலு பேரைத் திரும்பக் கூட்டி வரலாம். விளையாடத் தெரிந்தவளெல்லாம் லயத்துக்குள்ளே இருக்கும்போது டீம் எப்படி வெல்லும்?

கேப்டனைத் தேர்ந்தெடுப்பது மாரியம்மன் கோயில் முன்றலில், வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்த பிறகு. ஜெர்சியும் பந்தும் வாங்கித் தருவது கோயில் கமிட்டி, அதனால் அப்படி. கமிட்டியின் பெரிய ஆள் எங்கள் தோட்டத்துத் தலைவர், அதாவது தொழிற்சங்கத் தலைவர். மனுஷனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பளப் பிரச்சினையில் மேனேஜர் துரையின் முகத்துக்கு நேராக விரல் நீட்டிப் பேசியவர். கொட்டுகிற மழையில் எங்கள் எல்லோரையும் பெரட்டுக்களத்தில் உட்கார வைத்து, அவரும் கூடவே நனைந்தவர். காலையில் பேர் போட்டு வேலை பிரிக்கிற அந்தக் களத்தில் அவர் குரல் கேட்டால் கங்காணிமாரே அடங்கிப் போவார்கள். அப்படிப்பட்டவர் அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷம் நம்ம மக இருக்கட்டும்" என்றார்.

அவருடைய மகள் பிள்ளைக்காம்பராவில் டீச்சர். என் சின்னவளைப் பார்த்துக்கொள்பவளே அவள்தான். படித்த பிள்ளை, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மட்டையைத் துடைப்பக்கட்டை மாதிரிப் பிடிப்பாள்.

"நான் இருக்கேங்க தலைவரே" என்று எழுந்து நின்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு எதுக்கும்மா இந்த வம்பு? நாலு தோட்டத்துக்காரன் பாப்பான். நமக்குத்தான் கேவலம்."

"நாலு வருஷமா தோத்துச் சோத்துப் பார்சல் தின்னுட்டு வர்றமே, அது கேவலம் இல்லீங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. சண்டை வேண்டாம், அம்மனிடமே கேட்போம், பூப் போட்டுப் பார்ப்போம் என்றார். எங்கள் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து மாடு வாங்குவதுவரை அப்படித்தான். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிலையில் சுற்றி, அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு எனக்கு, வெள்ளை அவர் மகளுக்கு.

நான் சரி என்றேன். அந்த இடத்தில்தான் பெரிய பிழை விட்டேன். பந்து போடத் தெரியுமா என்பதைப் பந்து போட்டுத்தானே பார்க்க வேண்டும்? அம்மனை இதற்குள் இழுத்த பிறகு யார் வாயைத் திறக்க முடியும்?

குழந்தை எடுத்தது. சிவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் இலையை வாங்கிப் பார்த்து, "நூல் சரியாக் கட்டல, இன்னொருக்காப் போடுங்க" என்றார். மறுபடி போட்டார்கள். மறுபடியும் சிவப்பு. "மூணு தரம் பாக்குறதுதான் மொற" என்றார். பூசாரி அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பொட்டலத்தைக் கட்டினார். மூன்றாவது தரம் வெள்ளை வந்தது. "அம்மன் கடைசியாச் சொன்னதுதான் தீர்ப்பு!" என்று தலைவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அட கடவுளே! இரண்டு பெரிதா, ஒன்று பெரிதா? அம்மன் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. அவள் இரண்டு தரம் என் பக்கம்தான் சொன்னாள். காது கேட்காதவர் தலைவர். ஆனால் கோயில் வாசலில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசிப் பானையை உருட்டி அழுதேன்.

போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல்லேகம கிராமத்தில். காலை ஆறு மணிக்கு வேன் பெரட்டுக்களத்தில் வந்து நின்றது. ஒன்பது மணிக்குள் மைதானத்தில் இல்லையென்றால் ஆடாமலே தோல்வி. போகிற எண்ணத்தோடுதான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். என்னோடு லயத்திலிருந்து இரண்டு பேர், இரண்டு பேருமே பிள்ளைக்காரிகள், முன்பு என்னோடு விளையாடியவர்கள். தலைவர் அவர்களைப் பார்த்ததும், "இதுகள யாரு கூப்பிட்டது? எறங்குங்க" என்றார். ஏறவே இல்லாதவர்களைப் பார்த்து இறங்குங்க என்கிறார்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அப்படியே களத்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது?"

"ஸ்ட்ரைக்குங்க தலைவரே."

அந்த இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு விக்கெட் கீப்பர். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும். வேன்காரர் ஹோர்ன் அடித்து, "அந்திக்கு நான் மரக்கறி ஏத்தப் போகணும், வர்றீங்களா இல்லையா?" என்று கத்தினார். யாரும் அசையவில்லை. மிஞ்சி நின்றது தலைவரின் மகள் மட்டும். அவள் அப்பாவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், புது ஜெர்சி அழுக்காகுமே என்றுகூடப் பாராமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தோட்டத்துல பொம்பளைங்க இப்பிடி உக்காந்தா என்ன அர்த்தம்?" தலைவரின் குரல் உடைந்திருந்தது.

"நீங்கதானே பழக்குனீங்க? நியாயம் கெடைக்கலன்னா எந்திரிக்காதீங்கன்னு இதே எடத்துல சொன்னது நீங்கதானே? அன்னைக்கு மழையில உக்காந்தோம். இன்னைக்குப் பனியில உக்காந்திருக்கோம். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

அவர் களத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மணி ஆறரையானது, ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம் என்றானது. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போய்த் தொலைங்க. எவளாச்சும் கேப்டனா இருந்துட்டுப் போங்க" என்று திரும்பி நடந்தார். நாங்கள் ஊளையிட்டுக்கொண்டு வேனில் ஏறினோம். கேப்டன் நீதான் என்று எல்லோரும் என்னை முன் சீட்டில் தள்ளினார்கள்.

பல்லேகம மைதானத்தில் நடுவர் நாணயத்தை வைத்துக்கொண்டு, "கேப்டன் கவுத?" என்று கேட்டார், சிங்களத்தில் கேப்டன் யார் என்று. "மம" என்று முன்னால் போனேன். நான்தான் என்று சொல்ல எந்தப் பாஷையிலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. முதல் ஆட்டம் வென்றோம். கடைசி ஓவரை அந்தப் பிள்ளைக்காரிகளில் ஒருத்தியிடம் கொடுத்தேன். எட்டு வருஷம் பந்து தொடாதவள், நாலு ஓட்டம்தான் விட்டாள். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று ஓட்டத்தால் தோற்றோம். அதில் ஒரு கேட்ச் விட்டவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றும் சோற்றுப் பார்சல் தின்றோம், ஆனால் பசித்துத் தின்றோம்.

திரும்பி வரும்போது தலைவர் பெரட்டுக்களத்தில் நின்றார். ஒன்று வென்று ஒன்று தோற்றதைச் சொன்னேன். "சரி, ஆச தீந்துச்சில்ல? அடுத்த வருஷம் என் மகளுக்கு விட்டுக் குடுத்துரு" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வேனிலிருந்து அவர் மகள் இறங்கினாள். "எப்பிடிப்பா? போன பொதன்கெழமதானே நம்ம தோட்டத்துக் கீழ் டிவிஷன்ல எனக்கு மாப்பிள்ள பேசி முடிச்சீங்க. தையில கல்யாணம்னு நாளும் பாத்துட்டீங்க."

அந்தச் செய்தி எங்களுக்கெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தன்னுடைய வழக்கம் தன் வீட்டு வாசலுக்கு வரும் என்று அந்த மனுஷன் நினைத்தே பார்க்கவில்லை போலும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "அக்கா, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வருவேன். என்னைய எந்த எடத்துல நிப்பாட்டுவீங்க?"

தலைவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "பவுண்டரியில நில்லு. மாப்பிள்ளைய ஸ்கோர் போர்டுகிட்ட உக்கார வச்சிரலாம்."