பல் பட்ட காப்பு

வெள்ளி கறுக்காம இருக்க என்ன செய்யணும்னு என்கிட்டக் கேட்டா ஒரு நாள் பூரா சொல்லுவேன். பெருங்காயத்துப் பக்கத்துல வைக்கக் கூடாது. கம்பளியில சுத்தக் கூடாது. வெளுத்த மல்துணியில சுருட்டி, ஒரு துண்டு கற்பூரம் போட்டு, மரப்பெட்டிக்குள்ள காத்துப் படாம வைக்கணும். ஆசைப்பட்டுப் படிச்ச படிப்பில்ல இது. என் பிள்ளை போன பிறகு, வேலையத்த வீட்டுல வந்து சேர்ந்த படிப்பு.

பதினோரு மாசம் இருந்தா. காய்ச்சல் வந்து மூணே நாள்ல போயிட்டா. அவ கையில கிடந்த காப்பு ரெண்டும் எங்க தெரு ஆசாரி மெல்லிசா வெள்ளித் தகடு தட்டி, உள்ள அரக்கு ஊத்திச் செஞ்சது. பல்லு முளைக்கும்போது எந்நேரமும் அதைத்தான் கடிப்பா. வலது கைக் காப்புல சின்னச் சின்னதா நாலு குழி விழுந்திருந்துச்சு. "வெள்ளியத் தின்னே தீத்துருவா போலுக்கே"ன்னு ஏசியிருக்கேன். பாவி, என் வாயில என்னத்தப் போட! அவ இருந்தாங்கிறதுக்கு அந்த நாலு குழிய விட்டா வேற என்ன இருக்கு எனக்கு?

எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காட்டிலாகாவுல குமாஸ்தா உத்தியோகம். மாசத்துல முக்காவாசி நாள் பாபநாசத்துக்கு மேல மலையில கிடப்பாக. பாளையங்கோட்டை வீட்டுல நானும் நாலு சுவரும்தான். வெள்ளிக்கிழமை தவறாம காப்பை எடுத்துத் திருநீறு தொட்டுத் தேய்ப்பேன். பளிச்சுன்னு வரும். அன்னைக்குப் பொழுது போயிரும். வருஷம் ஒண்ணு கழிச்சு ஒரு நாள் உத்துப் பாக்கேன், குழி நாலும் மேவிக்கிட்டு வருது. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு அவ பல்லை அழிச்சிருக்கேன்! தலையில தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஆசாரிகிட்ட ஓடினேன். "தேய்க்காமலே வெள்ளையா இருக்கணும், வழி சொல்லும்"னேன். துணி, கற்பூரம் எல்லாம் அவர் சொன்னதுதான். "என்ன செஞ்சாலும் பெட்டியில கிடந்தா பைய கறுக்கத்தான் செய்யும் தாயி. பிள்ளை கையில கிடந்தா கறுக்காது"ன்னார். கறுத்த காப்பை என்னால கண்கொண்டு பாக்க முடியாது. தேய்க்கவும் கூடாது. பிள்ளைக்கு நான் எங்க போக?

அடுத்த வீட்டுல மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெண்சாதி, வேதக்காரப் பொண்ணு, கிறிஸ்தவச் சனம். அவளுக்கு நாலு மாசத்துல ஒரு பெண் குழந்தை. பல்லில்லாத பிள்ளைதானேன்னு நினைச்சேன். செத்த பிள்ளை நகையை உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் போடுன்னு கேக்க எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்? எனக்கு வந்துச்சு. ஒளிக்காமச் சொல்லித்தான் கேட்டேன். எங்க சனத்துல ஒருத்தியும் வாசல்படி ஏத்தியிருக்க மாட்டா. அவ பிள்ளையைப் பாத்தா, என்னையப் பாத்தா. "நாங்க அதெல்லாம் பாக்கிறதில்லக்கா, கொண்டாங்க"ன்னு கையை நீட்டினா.

கொஞ்ச நாள்ல எங்க வீட்டுக்காரவுகளுக்கு மலைக்காய்ச்சல்னு ஆள் வந்துச்சு. அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில், அங்கன இருந்து மாட்டுவண்டி. போனவ நாலு மாசம் திரும்பல. கஞ்சி வைக்க, கஷாயம் கொடுக்க, அதுவே சரியாப் போச்சு. போன பிள்ளையைப் பத்தி அவுகளும் பேசல, நானும் பேசல. ஒரே அறையில ரெண்டு பேரும் தனித்தனியாக் கிடந்தோம்.

ஊருக்கு வந்ததும் மூட்டையை வாசல்லயே போட்டுட்டு அடுத்த வீட்டுக்குத்தான் போனேன். பிள்ளை தவழ்ந்து வருது. நடுவுல நின்னு காப்பை வாயில வச்சுக் கடிக்குது. மேல ரெண்டு பல், கீழ ரெண்டு பல்.

கழத்தி வாங்கி வெளிச்சத்துல பாத்தேன். ஆசாரி சொன்னது சத்தியம், ஒரு பொட்டுக் கறுப்பில்ல. குழிதான் சுத்திவர இருபதோ முப்பதோ. "பிள்ளை கடிக்கும்னு உனக்குத் தெரியாதாட்டி?"ன்னு கத்தினேன். அவ கண்ணு நிறைஞ்சு போச்சு. தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்தானே.

வெறுங்கையை நீட்டிக்கிட்டு அந்தப் பிள்ளை அழுதுச்சு. கொடுத்திருக்கலாம். கொடுக்கல. ரெண்டையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

கதவைச் சாத்திட்டு, ஒவ்வொரு குழியா விரல் வச்சுத் தடவினேன். பெத்தவளுக்குத் தெரியாமலா போகும்னு ஒரு வீறாப்பு. வெளிச்சம் போற வரைக்கும் தடவினேன். எது என் பிள்ளை பல்லுன்னு எனக்குத் தெரியல.