பதினெட்டு மில்லி

திருத்தணியில் பிளைவுட் அறுத்துத் தரும் கடையில் மிஷின் ஓட்டுகிறவர் அவர். புருவமெல்லாம் மரத்தூள். பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒருமுறை பிடித்துப் பார்க்காமல் பிளேடுக்குத் தள்ள மாட்டார்.

பொதட்டூர்பேட்டையில் நான் மரவேலை எடுத்திருந்த ஒரு வீட்டுக்கு மூன்றாம் நாள் கிரகப்பிரவேசம். கிச்சன் அலமாரி பாக்கி, இருந்ததோ கடைசி மூன்று ஷீட். எக்செல்லில் நான் போட்ட அளவுப் பட்டியலை லேப்டாப்பில் காட்டி அவசரப்படுத்தினேன். மிஷின் இரைந்தது. ஓரத்தைப் பிடித்தவர் சட்டென்று ஆஃப் செய்துவிட்டார்.

“சார், பலகை எவ்ளோ கனம்னு போட்டீங்க?”

“பதினெட்டு மில்லி. ஷீட் வாங்குன கடையில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“பேருதான் பதினெட்டு. இது பதினாறுதான் கீது.”

டேப்பை வைத்தார். பதினாறேதான். இரண்டு பக்கப் பலகையின் கனத்தைக் கழித்துத்தான் உள்தட்டின் நீளமே வந்தது. எல்லாத் தட்டும் நான்கு மில்லி குட்டையாகியிருக்கும். அறுத்த பிறகு ஒட்டவா முடியும்?

எக்செல்லில் கனம் போட்டிருந்த ஒரே ஒரு கட்டத்தில் பதினெட்டைப் பதினாறாக்கினேன். பட்டியல் முழுக்க எண்கள் நொடியில் மாறின. பாராட்டுவார் என்று பார்த்தேன். அவர் திரையைச் சந்தேகமாக முறைத்தார்.

“தப்பா இருந்தப்பவும் இந்த நம்பரெல்லாம் இப்படியே நேராத்தானே சார் நின்னுகினு இருந்துச்சு?”

இன்றும் பட்டியல் பளிச்சென்று வந்தால்தான் எனக்குப் பயம்.