பல் முளைத்த மிஷின்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் ஒரு படக்கதைப் புத்தகத்தை மேடையில் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெருமை. புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகு எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

கதையில் ஒரு தாத்தா மரத்தைக் கடைந்து பம்பரம் செய்வார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுற்றும். அந்த ஊருக்கு ஒரு மிஷின் வரும். சிவந்த கண், நீண்ட கோரைப்பல். அச்சில் வார்த்த மாதிரி ஒரே வகைப் பம்பரங்களாகத் துப்பித் தள்ளும். சீக்கிரமே பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். தாத்தாவிடமே திரும்பி ஓடுவார்கள். மிஷின் அழுது, உடைந்து, துருப்பிடித்துப் போகும்.

எங்கள் அப்பா அவனியாபுரத்தில் பிளாஸ்டிக் பம்பரம் செய்யும் பட்டறை வைத்திருந்தார்.

"நீங்க விழாவுக்கு வரவேணாம்ப்பா, ஒரே வெயிலா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பட்டறைக்கே லீவு விட்டாச்சு பாப்பா. நம்ம அண்ணன்மாரையும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார் அப்பா.

சொன்னபடியே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பின்னால் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்கள். நான் வாசிக்க வாசிக்க, படங்களைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். மிஷின் வரும் பக்கம் வந்தது. நான் கதையை மாற்றிவிட்டேன். மிஷின் ரொம்ப நல்லது, தாத்தாவுக்குக் கை வலிக்கக் கூடாதென்று ஒத்தாசைக்கு வந்தது என்று சத்தமாக வாசித்தேன்.

"டீச்சர், பொய் சொல்றா! மிஷினு கடிக்கத்தான வருது!" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் திரையைக் காட்டிக் கத்தினான். கூட்டம் சிரித்தது. நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்பா அந்தக் கோரைப்பல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

"உள்ளத உள்ளபடி படி பாப்பா. அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். மிஷின் உடைந்து விழுந்தபோது அந்த அரங்கத்திலேயே பலமாகக் கைதட்டியது அப்பாதான். அண்ணன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, அவர்களும் விசிலடித்தார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம், பார்த்தவர்களிடம் வண்டியை நிறுத்தி, "எம்புட்டு நல்லா படிச்சா தெரியுமாண்ணே" என்றபடி வந்தார்.

தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா விழாவுக்கு வரவில்லை. நான் அவளை அடுக்களைக்கு இழுத்துப்போய், கதையையும் மேடையில் நடந்ததையும் சொல்லிவிட்டு, காதோடு சொன்னேன்: "பாவம்மா, அப்பாவுக்குக் கதையே புரியல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தவளின் கண் ஏன் கலங்கியது என்பதும் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.