செவப்பு என்றால் எது?

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பிரிண்டிங் கடையில் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது நான். மை கலப்பது முருகேசண்ணன். கருப்பு வெள்ளைக்கு அவர் கைதான் கை. கருப்பு மையை நீர்க்க விட்டுக் கிரே ஆக்கினால் பழுப்படிக்கும். சயான் என்ற நீல மையும் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மையும் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து அதை மட்டுப்படுத்த வேண்டும். அந்தக் கலவைக்குப் பெயர் டோனர். கொஞ்சம் கூடினாலும் உயிருள்ள முகம் பிணமாகிவிடும்.

நாமக்கல் பக்கமிருந்து கோகிலா என்ற கல்யாணப் பெண் வந்தாள். மறுநாள் ரிசப்ஷன். மண்டப வாசலில் வைக்க அவளுடைய பெரிய கருப்பு வெள்ளைப் படம் வேண்டும். பிரிண்டைப் பார்த்ததும், "செவப்பா இருக்குதுங்க" என்றாள்.

அண்ணன் டோனரில் நீலத்தைக் கூட்டினார். அப்பவும் செவப்புத்தான் என்றாள். இன்னும் கூட்டினார். முகம் குளிரில் விறைத்த மாதிரி ஆனது. எனக்கோ எரிச்சல். இவளுக்குக் கண் தெரிகிறதா என்று முணுமுணுத்தேன்.

அவள் படத்தின் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"நான் கருப்புங்க. முன்னால ஒரு எடம் வந்துச்சு. போட்டோவுல செவப்பா இருக்குது, நேர்ல இல்லீன்னுட்டுப் போயிட்டாங்க. இவரு என்னைய நேர்ல பாத்துக் கேட்டவரு. அவரு சொந்தக்காரங்க வாசல்ல வேற ஒருத்தியப் பாக்கக் கூடாதுங்க."

அட கடவுளே! நாங்கள் மையின் சிவப்பைத் துரத்திக்கொண்டிருந்தோம். அவள் சொன்னது ஆளின் சிவப்பு. பெண் படம் என்றாலே முகத்தை வெளுக்க வைப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். யாரும் கேட்காமலே செய்திருந்தேன்.

வெளுப்பை எடுத்தேன். இப்போது கன்னமும் கூந்தலும் ஒரே கருப்பாய் அப்பிக்கொண்டன. அண்ணன் அசரவில்லை. டார்க் கிரேக்கும் கருப்புக்கும் நடுவில் புதிதாக இன்னொரு கிரே கலந்தார். துண்டுத் தாளில் அடிப்பார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி கலப்பார். மனிதருக்குச் சலிப்பே கிடையாது. கடைசிப் பிரிண்டில் கன்னத்து மினுமினுப்பு, மூக்குத்தி ஓரம், தாடைக்கடியில் நிழல் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கி இறங்கின. நடுவில் ஒரு மைப்புள்ளிகூடத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான கருப்பை நான் பார்த்ததில்லை.

கோகிலா வெகுநேரம் பார்த்தாள். "இதுல நான் வந்துட்டனுங்க" என்றாள்.

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வாடிக்கையாளர் ‘செவப்பு’ என்றால் உடனே டோனர் பாட்டிலைத் திறக்காதீர்கள். அண்ணன் இப்போது கேட்பதைப் போல முதலில் கேளுங்கள்: "மையுங்களா, ஆளுங்களா?"