மீன் லொறியில் வந்த கிற்றார்

எங்கள் கரையில் மீன் ஏலத்தில் என் அம்மாவை வென்றவர்கள் மிகக் குறைவு. மாம்புரிக்குப் பக்கத்துக் கரை அது. காலையில் வள்ளங்கள் வந்ததும் மீனை மணலில் குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் கூறுவார்கள். சிலாபத்து முதலாளிமார், ஐஸ் போட்டுக் கொழும்புக்கு மீன் ஏற்றுகிற கூலர் லொறிக்காரர், கருவாடு போடுகிற பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். அம்மா கருவாடு போடுகிறவள். தனக்கு வேண்டிய குவியலை அவள் திரும்பியும் பார்க்க மாட்டாள். வேறொரு குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் பார்ப்பாள். இவள் பாரை மீனில் கண் வைத்துவிட்டாள் என்று மற்றவர்கள் பாரைக்கு விலையை ஏற்றிக்கொண்டிருக்கையில், கடைசி நேரத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து பக்கத்துக் கட்டாக் குவியலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று அப்பா அவளைச் சொல்வார்.

"வேணுமெண்ட மீனைப் பார்க்கிறதில்ல மகள். பார்த்தா விலை ஏறிரும்" என்று ஒருநாள் எனக்கும் சொல்லித் தந்தாள். நான் காதில் வாங்கவில்லை. மீனில் எனக்கென்ன அக்கறை? எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிற்றார்.

அதுவும் எலெக்ட்ரிக் கிற்றார். சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கத் தேவையில்லை என்று ஆகியிருந்த காலம். அந்த முறை கோயில் திருநாளுக்குச் சிலாபத்திலிருந்து ஒரு வாத்தியக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருவன் சிவப்பு நிறக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற நிலை என் நெஞ்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு வராது. கோயில் பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும் பிள்ள" என்று பாட்டுப் பழக்குகிற சிஸ்டர் சொல்லியிருந்தார். கையில் ஒரு கிற்றார் இருந்தால் வாயைத் திறக்கவே தேவையில்லை அல்லவா?

அப்பாவிடம் கேட்டேன். "தேவையில்ல" என்றார். அவ்வளவுதான். கிற்றார் என்ற சொல் எங்கள் வீட்டில் விழுந்தால் அப்பா எழும்பி வெளியே போய்விடுவார்.

ஒரு காலத்தில் அந்தப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவர் அவர்தான். அவர் வாசித்தால் கல்யாண வீட்டில் சமையல்காரர்களும் அகப்பையோடு வெளியே வந்துவிடுவார்களாம். நான் கேட்டதில்லை. நான் தவழ்கிற வயதில், நங்கூரக் கயிறு இழுத்த இழுவையில் அவருடைய இடது கை வள்ளத்தின் விளிம்போடு நசுங்கிப் போனது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. கிற்றாரில் கம்பியை அழுத்துவது இடது கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே கிற்றாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஞாயிறு பூசைக்கு வந்தாலும் பாட்டு முடியும்வரை வெளியே பூவரச மரத்தடியில்தான் நிற்பார். "வாயாலயாவது பாடலாமே" என்று பங்குச் சுவாமி ஒருமுறை நல்லெண்ணத்தில் கேட்டுவிட்டார். அந்தத் தவசு காலம் நாற்பது நாளும் அப்பா கோயில் பக்கமே போகவில்லை.

அதனால், அம்மாவிடம் கேட்கும்போது எனக்கு நம்பிக்கையே இருக்கவில்லை. ஒரு சோடிச் செருப்புக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவள் அவள். ஆனால் அன்று கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் இன்னொரு துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, "ஓம், வாங்குவம்" என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்பா காதில் விழும்படியே பிறகும் இரண்டு தடவை சொன்னாள்: "புள்ள ஆசைப்படுறா. புள்ளைக்குத்தானே."

புதுக் கிற்றார் ஆனை விலை குதிரை விலை. சந்தியில் போனும் இன்டர்நெட்டுமாகக் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்தான், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வழி சொன்னார். கொழும்பில் ஆட்கள் பழைய சாமான்களை இணையத்தில் ஏலம் விடுகிறார்களாம், படத்தைப் பார்த்து விலை கேட்கலாமாம். ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அதன்பிறகு கருவாட்டு வேலை முடிந்த பின்னேரங்களில் நாங்கள் இருவரும் அந்தக் கடையின் கொம்பியூட்டருக்கு முன்னால். எனக்கு எல்லாக் கிற்றாரும் பிடித்தது. அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நல்ல கிற்றார், மலிவான கிற்றார், நான் கண்ணீர் விட்டுக் கேட்ட சிவப்புக் கிற்றார் எல்லாவற்றையும், "இது வேணாம், அடுத்ததைக் காட்டுங்க" என்று தள்ளிவிட்டாள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் இரண்டு கையையும் தூக்கி, கிற்றாரைப் பிடிப்பதுபோல் காற்றில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு கையை மாற்றிப் பிடித்துப் பார்ப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"இதுல என்ன பிழை அக்கா?" என்று நானா பொறுக்க முடியாமல் கேட்டார்.

"பிழையெண்டு இல்ல தம்பி" என்றாள் அம்மா. அடுத்ததைத் திறக்கச் சொல்லித் திரையைக் காட்டினாள்.

அந்த நாட்களில் ஒருமுறை அவள் கோயில் முற்றத்தில் சிஸ்டரோடு வெகுநேரம் கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். சிஸ்டர் தன் பழைய கிற்றாரை வலமும் இடமுமாகத் திருப்பிப் பிடித்து என்னவோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். என் பாட்டைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும் என்று நான் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு கறுப்புக் கிற்றார் வந்தது. விளிம்பில் வண்ணம் உரிந்து, பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத சாமான். அம்மா கையைத் தூக்கினாள், மாற்றிப் பிடித்தாள், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதை ஆக்கள் கேட்கிறது குறைவு அக்கா. ஒரே ஒரு ஆள்தான் நிக்கிறார்" என்றார் நானா.

"நல்லதுதானே. இப்ப அதை மூடிட்டு அந்தச் சிவப்பைத் திறங்க. ஏலம் முடியிற வரைக்கும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்பம்."

கொழும்பில் இருக்கிற மனிதனுக்கு நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பது தெரியாது என்று நானா தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்டால்தானே. ஏலம் முடிகிற பின்னேரம் மூன்று பேரும் சிவப்புக் கிற்றாரை முறைத்துப் பார்த்துக்கொண்டு வரிசையாக இருந்தோம். நானா வேர்த்து விறுவிறுத்துப்போய் மணிக்கூட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இப்பப் போடுவமா அக்கா?" "பொறுங்க." "நேரம் போகுது அக்கா." "வாயை மூடிட்டுப் பொறுங்க தம்பி." முடிய ஒரு நிமிடமும் இல்லாதபோது, "இப்ப" என்றாள். நானா கறுப்பைத் திறந்து விலையைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. எங்கள் பக்கத்து இணையம் அந்தக் காலத்தில் அப்படித்தான், மாட்டு வண்டி. நானா வாய்க்குள் துஆ ஓதினார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வட்டம் போய்ப் படம் வந்தபோது கிற்றார் எங்களுக்கு.

மீனைக் கொழும்பில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய கூலர் லொறியில், சாக்கில் சுற்றியபடி அது வந்து சேர்ந்தது. ஐசும் மீனும் மணந்தது. அப்பா முற்றத்தில் கதிரை போட்டுக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. நான் சாக்கைக் கிழித்தெறிந்து, கிற்றாரைத் தோளில் மாட்டினேன். என்னவோ சரியில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் எல்லாம் மேலே நின்று கையில் இடித்தன. மேலே இருக்கவேண்டிய தடித்த கம்பி கீழே இருந்தது. சிஸ்டரிடம் படித்த இரண்டு சுரமும் வரவில்லை. போதாக்குறைக்கு ஒலிபெருக்கிப் பெட்டியும் வாங்கவில்லை. கம்பியைத் தட்டினால் காதோரம் நுளம்பு ரீங்கரிக்கிற சத்தம்தான் வந்தது.

நான் அழுத அழுகையில்தான் அப்பா தலையைத் தூக்கினார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது இடக்கைக்காரன்ட கிற்றார்" என்றார். "வலக்கையால அழுத்தி இடக்கையால தட்டுறது. கொழும்பான் உங்க தலையில மிளகாய் அரைச்சிட்டான்."

"அப்படியா?" என்றாள் அம்மா. "எனக்கென்ன தெரியும்? மீனெண்டால் தெரியும்."

"கேட்டு வாங்கிறதில்லயா?"

"யாரிட்டக் கேட்கிறது? நீங்கதான் கிற்றார் எண்டாலே எழும்பிப் போறீங்களே." குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. பிறகு, "திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. கம்பியாவது நல்லதா எண்டு ஒருக்காப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். ஏமாந்துபோனவளுக்கு வரவேண்டிய கோபத்தை அவள் முகத்தில் நான் காணவில்லை. தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து கேட்டது.

அப்பா வலையைக் கீழே வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கிற்றாரை வாங்கி மடியில் வைத்தார். வலது கை அதன் கழுத்தைப் பிடித்தது. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் கம்பியைத் தொட்டன. வந்த சத்தம் படு மோசம். என் பாட்டே பரவாயில்லை என்று சொல்லலாம். வலது கை விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, முதலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல் ஒவ்வொரு விரலாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துப்போனது. "கம்பி நல்லதுதான்" என்று கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டார். நான் இன்னும் ஒரு மூச்சு அழுதேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கிற்றார் சுவரில் இல்லை. அறைக்குள் அப்பாவின் மடியில் இருந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கடுத்த நாளும் துருவைத்தான் பார்த்தார். பிறகு துருப் பேச்சும் நின்றுபோனது. கடலால் வந்து, குளித்து, சோறு தின்றால் நேரே அறைக்குள்தான். கதவு சாத்தியிருக்கும். பெட்டி இல்லாத எலெக்ட்ரிக் கிற்றார் என்பதால் சத்தம் கதவைத் தாண்டாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு சாமான் எங்கள் வீட்டில் இருப்பதே தெரியாது. நான் மட்டும் கதவில் காதை வைத்து அந்த நுளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வயிறெரிந்து நிற்பேன்.

"அப்பா என்ட கிற்றாரைத் தாறாரில்ல" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"உன்னால வாசிக்க ஏலாதுதானே மகள்."

"பெட்டி வாங்கித் தாங்க. சத்தமாவது வரும்."

"சத்தம் வரவேண்டிய நேரம் வரும்" என்றாள். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்து, அன்று கோபத்தில் இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்றேன். அவள் ஊட்டிவிட்டாள். அதுவும் எனக்குப் பெரிய பொரித்த மீன் துண்டாகப் பார்த்து.

அடுத்த திருநாள் வந்தது. பாடகர் குழுவின் ஓரத்தில் சிஸ்டர் ஒரு கதிரை கூடுதலாகப் போட்டிருந்தார். பக்கத்தில் கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டி. பூசை மணி அடிக்கிற நேரத்தில் பூவரச மரத்தடியிலிருந்து அப்பா, என் கிற்றாரோடு, ஒருவரையும் பார்க்காமல் உள்ளே வந்து அந்தக் கதிரையில் இருந்தார். அவருடைய சட்டைக் கொலர் நனைந்திருந்தது. கோயிலில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். முதல் பாட்டு தொடங்கியது. ஓரிடத்தில் பிந்தினார், இன்னோரிடத்தில் பிழையான கம்பியில் விரல் போனது. மூன்றாவது அடியில் சத்தம் பிடிபட்டு, பாட்டோடு சேர்ந்து, அந்தத் தகரக் கூரைவரை போனது. ஆண்கள் பக்கத்தில் ஒரு மனிதர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெக்கை என்று நினைத்தேன்.

என் கிற்றார் இன்னொருவர் மடியில் இருக்க, நான் பின்வரிசையில் வெறுங்கையோடு நின்றேன். வந்த ஆத்திரத்தில், வாயை மட்டும் அசைக்க மனமில்லாமல் வாய்விட்டே பாடினேன். அம்மா என்ன செய்கிறாள் என்று பெண்கள் பக்கம் பார்த்தேன்.

எல்லாக் கண்களும் அப்பாவின் மேல் இருந்தன. அம்மா மட்டும், மீன் ஏலத்தில் நிற்கிறவள்போல், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு முடியும்வரை கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நான் நன்றாகப் பாடுகிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.